விளக்கைப் போட்ட பிறகு

ஈரானியப் படம் போட்டால் எங்கள் கருத்தரங்கக் கூடம் நிறைந்துவிடும், பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போவார்கள். மராத்திப் படம் போட்டால் பாராட்டிவிட்டு, "அந்த ஊர்ல இன்னுமா மேம் இப்படி?" என்று கேட்பார்கள். சென்னையில் நடக்கிற கதையைப் போட்டால்தான் யாராவது யாரையாவது முறைப்பார்கள். தென்சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே திரைப்பட மன்றத்தையும் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். பண்பாட்டுப் பன்மை என்ற தலைப்பில் நாங்கள் நடத்தும் திரையிடல்களில் நான் கண்டது இதுதான்: கதை நடக்கும் இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு தாராளமாக இரக்கப்படுகிறோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் கதை வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்கிறோம். அதனால் படத்தைத் தேர்ந்தெடுப்பதை விட, படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு வரும் முக்கால் மணி நேரத்துக்குத்தான் நான் அதிகம் தயாராகிறேன்.

கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் மாறி வருகிறவர்கள், கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள், திருவல்லிக்கேணியில் வீட்டுக்குள் உருது பேசுகிறவர்கள், சவுகார்பேட்டைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விடுதியில் தர்மபுரி, பாலக்காடு, இம்பால். இவர்களில் பாதிப் பேர் மீதிப் பேரைப் பார்த்ததே கிடையாது. நகரத்தின் பல கல்லூரிகளைப் போல எங்களுக்கும் ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு உண்டு. காலை ஷிப்ட் கிளம்பும்போது மதிய ஷிப்ட் உள்ளே வரும், கேட்டருகே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கடப்பதோடு சரி. ஒரே கல்லூரிக்கு இரண்டு மக்கள்தொகை. மன்றத்தின் திரையிடலைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது, வேறு எந்தப் படத் தேர்வையும் விட அந்த ஒரு மாற்றம் கூடத்தை அதிகம் கலக்கியது. பன்மை பற்றிய நிகழ்ச்சியை ஒரே துறை, ஒரே ஷிப்ட், ஒரே விடுதி வைத்து நடத்துகிறவர்கள் முதலில் கால அட்டவணையைப் பார்க்கவேண்டும்.

வருடத்தின் முதல் கூட்டத்தில் நாங்கள் படமே போடுவதில்லை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவீர்கள்?" பெயர் எழுதத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் பழக்கத்தில் தமிழ் என்று நிரப்பிய கைகள் இந்தச் சீட்டில் தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம், மார்வாரி, கன்னடம் என்று எழுதுகின்றன. ஒருமுறை ஒரு சீட்டில், "தமிழ்தான், ஆனால் பாட்டிக்குக் கோபம் வந்தால் பர்மியச் சொல் வரும்" என்று இருந்தது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அதன்பின் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அது. பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடாத மாணவர் எங்கள் கல்லூரியில் குறைவு. அந்தத் தட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு பயணம் இருப்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே வந்து சொன்னாள்.

படங்களுக்கு வருகிறேன். 'ஃபண்ட்ரி' 2013இல் நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம். பன்றி பிடிக்கும் தொழிலைத் தலையில் சுமத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஜப்யா என்ற பள்ளிச் சிறுவனின் கதை. அதில் ஓர் இடம். ஊரே வேடிக்கை பார்க்கக் குடும்பம் பன்றியைத் துரத்துகிறது. அந்த நேரம் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்க, ஜப்யா அசையாமல் நிற்கிறான், குடும்பமும் நிற்கிறது, பன்றி தப்பிப் போகிறது. எங்கள் கூடத்தில் அந்தக் காட்சியில் நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள். சிலர் பாதி எழுந்து, பக்கத்தில் யாரும் நிற்காததைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

விளக்கைப் போட்டதும் சாதியைப் பற்றிப் பேசலாம் என்று நான் ஆரம்பிக்கவில்லை. "யாரெல்லாம் எழுந்தீங்க? ஏன்?" என்று மட்டும் கேட்டேன். படத்தின் ஒரு பகுதியாகக் கீதம் வந்தால் பார்வையாளர் எழத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியதை ஒரு மாணவர் சொன்னார். எழுந்தவர்களில் ஒருவர், "சட்டம் தெரியாது சார், கால் தானா எழுந்துச்சு" என்றார். (என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.) அதற்குப் பதிலாக ஒரு பெண் சொன்னதுதான் அன்றைய பேச்சைத் திருப்பியது: "நீங்க எழுந்தா மரியாதைன்னு சொல்வாங்க. ஜப்யா நிக்காம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" அதன்பிறகு யாரும் "அந்த ஊர்ல" என்று ஆரம்பிக்கவில்லை. தங்கள் பள்ளியில் யார் வகுப்பைப் பெருக்கினார்கள், யார் தண்ணீர் எடுத்து வந்தார்கள் என்று பேச்சு போனது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு முதல் கேள்விக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். "படம் எப்படி இருந்தது?" என்று கேட்பதில்லை. கேட்டால் சூப்பர், டச்சிங், கேமரா நல்லா இருந்தது. "இந்தப் படம் என்ன சொல்ல வருகிறது?" என்றும் கேட்பதில்லை. கேட்டால் பரீட்சைத் தாளின் எட்டு மதிப்பெண் பதில் வரும். கூடத்தில் நடந்த ஒன்றை, அல்லது குறிப்பிட்ட ஒரு காட்சியைப் பிடித்துக் கேட்கவேண்டும். எந்த இடத்தில் நெளிந்தீர்கள், எங்கே சிரித்தீர்கள், எந்த ஆள் பேசும்போது உங்கள் வீட்டில் யாரோ நினைவுக்கு வந்தார். இதற்காகப் படத்தை நான் முன்கூட்டி இரண்டு முறை பார்க்கிறேன். இரண்டாம் முறை திரையைப் பார்ப்பதைவிட, இந்த இடத்தில் என் கூடத்தில் யார் தலையைக் குனிவார்கள் என்று யோசிப்பதுதான் வேலை.

வடகிழக்கு மாநில நண்பர்கள் டெல்லியில் ஒரு கல்யாணத்துக்காகப் பன்றி இறைச்சியும் ஆகுனியும் சேர்த்துச் சமைக்க, அந்த வாசனை அக்கம்பக்கத்தில் பிரச்சினையாகும் கதை 'ஆக்சோன்'. ஆகுனி என்பது புளிக்க வைத்த சோயா. ஓடிடியில் வெளியான படம். தனிநபர் சந்தாவை வைத்துக் கூடத்தில் போடுவதற்கு அந்த நிறுவனங்களின் விதிமுறை பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அதனால் அவரவர் சந்தா உள்ள நண்பர் வீட்டில் கூட்டமாகப் பார்த்துவிட்டு வாருங்கள், கூடத்தில் பேச்சு மட்டும் என்றோம். வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு எதிர்பாராத ஒன்றைச் செய்தது. ராயபுரத்தில் ஒரு மாணவி வீட்டில் எட்டுப் பத்துப் பேர் கூடிப் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறார். சிலருக்கு அந்த வாசனை முதல் முறை.

பேச்சு நாளன்று நான் எதிர்பார்த்து பயந்தது நடந்தது. உட்கார்ந்ததுமே எல்லாத் தலையும் மணிப்பூர் மாணவி பக்கம் திரும்பியது. "உங்க ஊர்ல இப்படித்தான் சமைப்பீங்களா?" அவள் சென்னைத் தமிழிலேயே சொன்னாள்: "எங்க வீட்ல ஆகுனி கிடையாது, ஙாரி. அது மீன். ஆகுனி நாகா ஆளுங்க செய்வாங்க. எனக்கே அந்த ஸ்மெல் பழக்கமில்ல. நீங்க எல்லாரும் ஒண்ணா இட்லி சாப்பிடறீங்கன்னு நான் நெனச்சிட்டு வந்த மாதிரி, நீங்களும் எங்களை ஒண்ணா நெனைக்கிறீங்க." கூடம் சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் எட்டு மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பிரதிநிதியாக உட்கார வைப்பது என்ன நியாயம்? எந்தச் சமூகத்தைப் பற்றிய படமோ, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாணவரிடம் திரையிடலுக்கு முன்னால் தனியாகப் பேசிவிடுவது இப்போது எங்கள் வழக்கம். "பேச விருப்பமா, சும்மா உட்கார விருப்பமா, வராமலே இருக்க விருப்பமா, மூன்றும் சரி" என்று சொல்லிவிடுவோம். வராமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. அதற்குக் காரணம் கேட்டதில்லை.

அவள் சிரிப்புக்குப் பிறகு ராயபுரத்து மாணவி எழுந்தாள். "டெல்லிக்கு எதுக்குப் போகணும்? மயிலாப்பூர்ல எங்க அக்காவுக்கு வீடு பார்க்கும்போது 'சைவம் மட்டும்'னு போர்டு. போர்டு இல்லாத வீட்லயும் முதல் கேள்வி அதான்." அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரம் படத்தின் பெயரே யாரும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டினார்கள், ஊதுபத்தி எப்போதெல்லாம் ஏற்றினார்கள், "பேச்சிலருக்குத் தருவதில்லை", "முஸ்லிமுக்குத் தருவதில்லை" என்று புரோக்கர் எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவன் தன் தாத்தா பக்கத்து நியாயத்தைச் சொல்ல முயன்றான். அவனை யாரும் கூச்சல் போட்டு உட்கார வைக்கவில்லை. ஆனால் அவனால் முழுதாகச் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. அன்று யாரும் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. மாறவேண்டும் என்று இரண்டு மணி நேர நிகழ்ச்சியிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை.

அந்தப் படத்திலேயே ஒரு சிக்கலும் உண்டு. நேபாளி மொழி பேசும் வடகிழக்குப் பெண்ணாக நடித்தவர் வடகிழக்கைச் சேர்ந்தவர் அல்ல என்று விமர்சனம் எழுந்தது. மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்தையும் காயம்பட்ட நைஜீரிய ஆட்டக்காரரையும் பற்றிய 2018ஆம் ஆண்டு மலையாளப் படமான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வும் அப்படித்தான். வயதான உம்மாக்கள் இருவர் மொழி தெரியாத ஒருவனைப் பார்த்துக்கொள்ளும் காட்சிகளில் கூடமே உருகிப் போயிருந்தது. படம் வெளியான பின் அந்த நடிகர் தன் ஊதியம் குறைவு என்று பொதுவெளியில் கேள்வி எழுப்பியதையும், பிறகு தயாரிப்பாளர்களோடு அது சுமுகமாகத் தீர்ந்ததையும் சொன்னதும் பேச்சு வேறு தளத்துக்குப் போனது. படத்துக்குள் இருக்கும் அன்பைப் பாராட்டுவதோடு, படத்தை எடுத்தது யார், நடித்தது யார், காசு யாருக்குப் போனது என்று ஒரு பத்து நிமிடமாவது பேசினால் நல்லது. காட்சித் தொடர்பியல் பிள்ளைகள் இதில் விறுவிறுப்பாக இறங்குவார்கள், நாளை அவர்களே எடுக்கப்போகிறவர்கள்.

இனி கொஞ்சம் கம்பி, துணி விவகாரம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

கல்லூரிக் கருத்தரங்கக் கூடங்களில் பல படம் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கூரை ஒலிபெருக்கிகள் பேச்சுக்கானவை. வசனம் குகைக்குள் பேசுவது போலக் கேட்கும், மின்விசிறி ஓடினால் அதுவும் கேட்காது. புரொஜக்டரை விட ஒலிக்குச் செலவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. திரையின் இரண்டு பக்கமும் தரையில் வைக்கிற மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்தாலே போதும். மதிய வெயிலுக்குக் கோடவுன் தெருவில் கறுப்புத் துணி மொத்தமாக வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து வளையம் வைத்துத் தைத்துக்கொண்டோம். நீளமான எச்டிஎம்ஐ கேபிளை ரிச்சி தெருவில் வாங்கும்போது அங்கேயே சொருகிப் பார்த்து வாங்கவேண்டும், பதினைந்து மீட்டர் தாண்டினால் சில கேபிள்களில் படம் விட்டுவிட்டு வரும். முந்தின நாளே முழுப் படத்தையும் அதே லேப்டாப்பில், அதே கூடத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏ.வி. அறை அண்ணனுக்கு நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி, சனிக்கிழமை வருவதற்குப் பதில் விடுப்பும் வாங்கிக் கொடுத்துவிடவேண்டும். அவர் இல்லாமல் எந்தப் பண்பாட்டுப் பரிமாற்றமும் நடக்காது.

வசனப் பட்டைதான் பெரிய வேலை. ஆங்கில சப்டைட்டில் போட்டால் கூடம் இரண்டாகப் பிரியும். ஆங்கில வழியில் படித்தவர்கள் முன்கூட்டிச் சிரிப்பார்கள், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அரை விநாடி கழித்துப் பக்கத்தில் பார்த்துச் சிரிப்பார்கள். பன்மை பற்றிய படத்தை அப்படிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் மன்ற உறுப்பினர்களே தமிழில் எழுதுகிறார்கள். ஒரு படத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு இருபத்தைந்து நிமிடப் பகுதி, கடைசியில் ஒருவர் முழுதாகப் படித்துச் சீராக்குவது. இரண்டு வரிக்கு மேல் போகாமல், மேடைத் தமிழாக இல்லாமல் எழுதச் சொல்வேன். கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பழைய மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தரை சமமான கூடத்தில் பின்வரிசைக்குத் திரையின் கீழ்ப்பகுதி தெரியாது. படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வசனப் பட்டையை மேலே தூக்கிவைக்க வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் பாதிப் புகார் குறையும்.

நேரம். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் பசி, நான்குக்கு ஆரம்பித்தால் விடுதிப் பெண்களுக்கு கேட் நேரம். காலை பத்துக்குப் படம், பன்னிரண்டுக்குள் முடிவு, சமோசா, டீ, பிறகு பேச்சு. டீக்குப் பிறகு பேச்சு வைத்தால் கூட்டம் கரைந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். கொஞ்சம் கரையத்தான் செய்கிறது. ஆனால் டீ கப்போடு நிற்கும் பத்து நிமிடத்தில்தான் மௌனமான பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறார்கள். மைக்கில் அதையே சொல்ல அதன்பிறகு தைரியம் வருகிறது.

மைக் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சுற்றி வரும் மைக் வைத்தால் முதல் மூன்று வரிசை ஆங்கிலப் பேச்சாளர்கள் அதைத் திருப்பித் தருவதே இல்லை. முதல் சுற்று இரண்டிரண்டு பேராகப் பேசுவது, மைக் கிடையாது. இரண்டாம் சுற்றில் பெயரில்லாத சீட்டுகள், அவற்றை வாசிப்பது மாணவர் ஒருவர். மூன்றாம் சுற்றில்தான் மைக், அதுவும் பின்வரிசையிலிருந்து முன்னோக்கி. எந்த மொழியிலும் பேசலாம். ஒருவர் உருது கலந்து பேசினால் பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்வார். இதனால் வேகம் குறைகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் சலித்துக்கொண்டார். குறையட்டும்.

வரவேற்புரை, குத்துவிளக்கு, சால்வை, சிறப்பு விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பு ஆகியவற்றை எங்கள் ஊரில் நாற்பது நிமிடம் நீட்ட முடியும். விருந்தினரைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் பேச விடாதீர்கள். அவர் படத்தின் கருத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். விருந்தினரும் சீட்டு எழுதி எல்லாரோடும் உட்காரட்டும், சீட்டுகளை வாசித்து முடித்த பிறகு பேசட்டும். தர மதிப்பீட்டுக் கோப்புக்கு ஜியோ டேக் போட்ட, அதாவது எடுத்த இடம் பதிந்த புகைப்படம் வேண்டும் என்று படத்தின் நடுவில் விளக்கைப் போடச் சொல்பவர்களுக்கு, டீ நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

'காக்கா முட்டை'யைப் போட்ட நாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2015இல் திரைக்கு வந்த படம், பலரும் டிவியில் பார்த்தது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சாவுக்கு ஆசைப்படும் கதை. பார்த்த படம்தானே என்று கலகலப்பாக இருந்தது கூடம். பாட்டி தோசை மாவில் பீட்சா செய்யும் இடத்தில் பெரிய சிரிப்பு. நல்ல உடை போட்டுக்கொண்டு போயும் கடை வாசலில் பையன் அறை வாங்கும் இடத்தில் அமைதி.

சீட்டுகளில் ஒன்றில் இப்படி இருந்தது: "சின்ன வயசுல இதைப் பார்த்து எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சோம். இன்னிக்குப் பக்கத்துல யார் சிரிக்கிறாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்." வாசித்த மாணவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்த சீட்டை எடுக்கச் சொல்லவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் போனதும் ஒரு மாணவன், "நான் சிரிச்சேன். கிண்டலா சிரிக்கல. ஆனா உங்களுக்கு எப்படித் தெரியும் அது?" என்றான். கண்ணகி நகர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, சீட்டு தன்னுடையதா என்று சொல்லாமலே, நகரத்தின் நடுவிலிருந்து வீட்டை எடுத்துக்கொண்டு நகரத்தின் தென்கோடியில் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் விட்ட கதையைச் சொன்னாள். பள்ளிக்கூடம் மாறியது, அம்மா வேலை பார்த்த வீடுகள் தூரமானது, முகவரியைச் சொன்னால் வேலைக்கு எடுப்பவர்கள் யோசிப்பது. அன்றைக்கு இரண்டு பேருக்குள் வாக்குவாதம் முற்றியது, ஒருவர் வெளியே போனார். வெளியே போனவரைப் பின்தொடர்ந்து போக ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்பதால், மன்றத்தில் இரண்டு மூத்த மாணவர்களைக் கதவருகே உட்கார வைக்கிறோம். சமாதானம் பேச அல்ல, தண்ணீர் பாட்டிலோடு கூட நிற்க. இந்தப் பொறுப்புக்குப் பேச்சாளிகளைப் போடாதீர்கள்.

அனுமதி, சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் தன் செயல்பாடுகளின் பகுதியாகப் படம் காட்டுவதற்கு இடம் தருகிறது. பார்வையாளர்கள் ஆசிரியர், பணியாளர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கவேண்டும். டிக்கெட் போட்டு, சுவரொட்டி ஒட்டி, வெளியாட்களை அழைத்தால் கதை வேறு. தயாரிப்பாளருக்கோ இயக்குநருக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது எப்படியும் நல்லது. சுயாதீனமாகப் படம் எடுப்பவர்கள் சிலர் சந்தோஷமாகப் பதில் போட்டிருக்கிறார்கள், பேச்சுக்குக் காணொளியில் வந்தவர்களும் உண்டு. ஆவணப்படங்களுக்கு, அரசின் ஆவணப்பட நிறுவனமாக இருந்த ஃபிலிம்ஸ் டிவிஷன், பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை ஆகியவற்றின் யூடியூப் பக்கங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஜெர்மன், பிரெஞ்சுப் படங்களுக்கு மேக்ஸ்முல்லர் பவனையும் அலியான்ஸ் பிரான்சேஸையும் அணுகலாம். தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். முதலாமாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், ஏ சான்றிதழ் படம் என்றால் அவர்கள் வரக்கூடாது. யு/ஏ என்பதும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்திருக்கிறது.

நிர்வாகம் படத்தின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் தலைப்பைத் தவிர வேறெதுவும் அவர்களிடம் இல்லாததுதான். கதைச் சுருக்கம், சான்றிதழ், நாங்கள் கேட்கப்போகும் மூன்று கேள்விகள், பொறுப்பாளர் பெயர்கள் என்று ஒரே பக்கத்தில் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுவோம். அப்படியும் சில படங்களுக்கு அனுமதி வரவில்லை. அந்தப் பட்டியல் தனிக்கதை.

இப்போது மன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை விடுதி மெஸ் பற்றியது. சப்பாத்தி தேய்ப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், புதிய கட்டடத்துக்குக் கம்பி கட்டுபவர்கள் என்று வளாகத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். நம் மாணவர்களின் வயதுதான். பன்மைத் திரையிடலுக்கு அவர்கள் வந்ததில்லை, கூப்பிட்டதும் இல்லை. மெஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள் நிறுவனத்தின் செயல்பாட்டோடு தொடர்புடையவர்கள்தானே என்று சட்டப் பிரிவைக் காட்டி இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வாதிட்டார். அவர்களுக்காக, அவர்களோடு ஓர் ஒடியா படம். தமிழ் வசனப் பட்டையை ஆங்கிலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழமொழிகளும் கேலிப் பேச்சும் வரும் இடங்களில் ஆங்கிலம் சப்பென்று இருப்பதால், இரவு பத்து மணிக்கு மெஸ் மூடிய பிறகு அங்கே வேலை பார்க்கும் ஒடிசாவின் பாலாசோர்த் தம்பி ஒருவரை உட்கார வைத்து, உடைந்த இந்தியிலும் தமிழிலும் கேட்டு எழுதுகிறார்கள். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும் என்பது மாணவர்கள் விருப்பம். அவர் இன்னும் சரி சொல்லவில்லை. பாதிப் படம் முடிந்திருக்கிறது. ஞாயிறு மாலையில் மெஸ்ஸுக்கு அரை நாள் விடுமுறை கிடைக்குமா என்று வார்டனுக்கு எழுதியிருக்கிறோம், அந்தப் பதில் வந்தால்தான் தேதி போட முடியும்.